ஜப்பானில் படிப்பு: முதல் ஆறு மாதத்தை வரிசை குலையாமல் கடக்கும் வழி

வங்கிக் கணக்கு திறக்கப் போனால் ஜப்பானியத் தொலைபேசி எண் கேட்பார்கள். தொலைபேசி இணைப்பு வாங்கப் போனால் முகவரி எழுதிய குடியிருப்பு அட்டை கேட்பார்கள். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுத் தரகரோ முதலில் தொலைபேசி எண்ணைக் கேட்பார். ஜப்பானில் முதல் மாதம் இப்படித்தான் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். மொழி தெரியாமல் தடுமாறுவதைவிட, எதை எதற்கு முன்னால் செய்வது என்று தெரியாமல்தான் புது மாணவர்கள் அதிகம் அலைகிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கும் வரிசையையும், அதன்பின் தினசரி வந்து நிற்கும் குப்பை, எரிவாயு, சைக்கிள், சாப்பாடு போன்ற சங்கதிகளையும் பார்ப்போம்.

புறப்படும் முன்: பெயரை ஒரே வடிவில் கட்டுங்கள்

ஜப்பானியப் படிவங்களில் பெயருக்கு இரண்டு பெட்டிகள்: ஸெய் என்பது குடும்பப் பெயர், மெய் என்பது சொந்தப் பெயர். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் பலருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அதில் அப்பா பெயர் இருக்கும். குடியிருப்பு அட்டையில் கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்தில் பெயர் வரும். அதில் பிரச்சினை இல்லை. வங்கி, தொலைபேசி, சம்பளப் பட்டியல் ஆகியவற்றில், வெளிநாட்டுப் பெயர்களுக்கு உரிய கதகானா எழுத்தில் பெயர் எழுதச் சொல்லும்போதுதான் வினை தொடங்குகிறது.

எழிலரசி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதும் ஒரு குமாஸ்தா 'எஜிராராஷி' என்பார், இன்னொருவர் 'எஸிரராஸி' என்பார். கதகானாவில் ழகரமும் இல்லை, ல-ர வேறுபாடும் இல்லை. வங்கியில் ஒரு வடிவமும் வேலையிடத்தில் இன்னொரு வடிவமும் இருந்தால் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போய்விடும். அங்கே பணப் பரிமாற்றம் கதகானாப் பெயரை ஒப்பிட்டே நடக்கிறது. ஆகவே ஊரிலேயே ஒரு கதகானா வடிவத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு பெட்டிகளில் எதை எங்கே போடுவது என்பதையும் தீர்மானித்து, ஒரு சீட்டில் எழுதிப் பணப்பையில் வையுங்கள். கடைசி வரை அந்த எழுத்து மாறக் கூடாது.

இணையப் படிவங்களில் இன்னொரு பொறி உண்டு. ஜப்பானிய விசைப்பலகையில் முழு அகல எழுத்து, அரை அகல எழுத்து என்று இரண்டு வகை. ஸென்காகு என்று கேட்ட பெட்டியில் முழு அகலமும், ஹன்காகு என்று கேட்ட பெட்டியில் அரை அகலமும் இருந்தால்தான் படிவம் நகரும். பெயர் சரியாக இருந்தும் 'பிழை' என்று சிவப்பில் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பெட்டியில் வைப்பவை பற்றிச் சில வார்த்தைகள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஒரு மாதத்துக்கு, கடையில் நேரடியாக வாங்கும் மருந்து இரண்டு மாதத்துக்கு. இதற்கு மேல் வேண்டுமென்றால் முன்கூட்டியே இறக்குமதி உறுதிச் சான்று எடுக்க வேண்டும். கோடீன், சூடோஎபெட்ரின் கலந்த இருமல், சளி மருந்துகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கும் பாட்டில்தானே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறைச்சி கலந்த எதுவும் கூடாது, ஊறுகாயாக இருந்தாலும். பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறிக்குத் தாவரநலச் சான்று இல்லாமல் வழியில்லை. சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாகப் போகலாம்.

மின்சாரம் அங்கே 100 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு கால். 230 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் அங்கே நொண்டும். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். குக்கர் எடுத்துப் போகிறவர்கள் அடிப்பாகத்தைக் காந்தம் வைத்துச் சோதித்துப் பாருங்கள். சிறிய வாடகை அறைகள் பலவற்றில் ஐஎச் எனப்படும் மின்காந்த அடுப்புதான். காந்தம் ஒட்டாத அலுமினியக் குக்கர் அதில் சூடே ஏறாது.

விமான நிலையத்தில் இரண்டு தாள்

நாரிதா, ஹனேதா, கன்சாய், சூபு, நியூ சிதோஸே, ஹிரோஷிமா, ஃபுக்குஓகா விமான நிலையங்களில் இறங்கினால் குடியேற்ற மேசையிலேயே குடியிருப்பு அட்டை கொடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் இறங்கினால் முகவரி பதிந்த பிறகு தபாலில் வரும். அட்டை கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் அங்கேயே நின்று சரிபாருங்கள்.

இரண்டாவது, பகுதி நேர வேலைக்கான அனுமதிப் படிவம். ஒரே பக்கம், கட்டணம் இல்லை. மாணவர் தகுதியில் புதிதாக நுழைபவர்கள் அந்த மேசையிலேயே கொடுத்தால் அட்டையின் பின்பக்கத்தில் அனுமதியைப் பதித்துவிடுவார்கள். 'வேலை இப்போது வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், பின்னர் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேலை செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் வாங்கி வையுங்கள்.

அன்றிலிருந்து அந்த அட்டை எப்போதும் உடன் இருக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது கையில் இல்லாவிட்டால் 2 லட்சம் யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அறையில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறேன் என்ற பதில் எடுபடாது.

14 நாள் கெடு: நகராட்சி அலுவலகத்தில் ஒரே நடையில் நான்கு வேலை

தங்கும் இடம் முடிவான நாளிலிருந்து 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வார்டு உள்ள பெருநகரங்களில் அந்த அலுவலகத்துக்குப் பெயர் குயாகுஷோ, மற்ற நகரங்களில் ஷியாகுஷோ. கல்லூரி விடுதியோ, பள்ளி ஏற்பாடு செய்த அறையோ இருந்தால் முதல் முடிச்சு தானாக அவிழ்ந்துவிடும். அதனால்தான் முதல் ஆறு மாதத்துக்கு விடுதியே மேல். கொஞ்சம் வாடகை கூடினாலும் பரவாயில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஊரே இடம் மாறும், வரிசை மணிக்கணக்கில் நீளும். காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்.

கடவுச்சீட்டும் குடியிருப்பு அட்டையும், கட்டடப் பெயர், அறை எண்ணோடு முழு முகவரியும் கையில் இருக்கட்டும். செய்ய வேண்டிய வரிசை இது:

1. குடிவரவுப் பதிவு. அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார்கள். அடுத்த எல்லாக் கதவுக்கும் இதுதான் சாவி.

2. தேசியச் சுகாதாரக் காப்பீடு. சேர்ந்தால் மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் உங்கள் பங்கு. ஜப்பானில் முந்தைய ஆண்டு வருமானம் இல்லாத மாணவர்களுக்குச் சந்தா குறையும். ஆனால் இந்தச் சலுகை வருமான அறிக்கையைப் பொறுத்தது. நகராட்சியிலிருந்து வருமானத்தைக் கேட்டுக் கடிதம் வந்தால் 'பூஜ்யம்' என்றாவது எழுதி அனுப்புங்கள். 'நமக்குத்தான் வருமானமே இல்லையே' என்று கடிதத்தை ஒதுக்கினால் சலுகை போய்விடும்.

3. தேசிய ஓய்வூதியம். 20 வயதிலிருந்து கட்டாயம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் மாதம் 17,510 யென். பல்கலைக்கழகம், தொழிற்கல்லூரி மாணவர்கள் 'மாணவர் சிறப்புச் சலுகை'க்கு விண்ணப்பித்துக் கட்டாமல் தள்ளிப்போடலாம். மொழிப் பள்ளிகள் பல இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே படிப்பவர்கள் குறைந்த வருமானத்துக்கான பொது விலக்கைக் கேட்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் சும்மா விட்டால் பாக்கியாக ஏறும்.

4. ஜூமின்ஹ்யோ, அதாவது குடியிருப்புச் சான்றுப் படி. இரண்டு வாங்குங்கள், வீடு, வேலை, ஓட்டுநர் உரிமம் என்று எங்காவது கேட்பார்கள்.

படிவங்களில் ஆண்டு 'ரெய்வா' எனும் ஜப்பானியப் பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். 2018-ஐக் கழித்தால் ரெய்வா ஆண்டு: 2026 என்றால் 8. பிறந்த ஆண்டுக்கு 'ஹெய்ஸெய்' என்றால் 1988-ஐக் கழியுங்கள்: 2004-இல் பிறந்தவருக்கு 16.

வீடு திரும்பியதும் முதல் வேலை, தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. சில வாரங்களில் மை நம்பர் எனும் 12 இலக்க அடையாள எண்ணின் அறிவிப்பு பதிவுத் தபாலில் வரும். பெயர் இல்லாத பெட்டியாக இருந்தால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு அதிகம். கதகானாவிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

தொலைபேசி முதலில், வங்கி பிறகு

முகவரி ஏறிய அட்டை கிடைத்த அன்றே குரல் அழைப்பு உள்ள சிம் வாங்கலாம். இணையம் மட்டும் தரும் சிம் மலிவு என்று எடுத்தால் 090, 080, 070 எண் வராது. வங்கியும் வேலையிடமும் கேட்பது அந்த எண்ணைத்தான். 2022 ஏப்ரலிலிருந்து வயதுவந்தோர் வயது 18 ஆகிவிட்டதால், 18 முடிந்தவர்கள் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒப்பந்தம் போடலாம்.

பல வங்கிகள் வந்து ஆறு மாதம் ஆகாதவர்களைத் திருப்பி அனுப்பும். அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதுவரை நீங்கள் 'குடியிராதவர்' கணக்கில் வருகிறீர்கள். புது மாணவர்கள் பெரும்பாலும் போவது யூச்சோ எனப்படும் அஞ்சல் வங்கிக்கு. கணக்கு கிடைக்கும், ஆனால் ஆறு மாதம் வரை பணப் பரிமாற்றத்தில் சில கட்டுப்பாடுகள் இருக்கும். ஹாங்கோ எனப்படும் முத்திரை கேட்டால் கவலை வேண்டாம், பல இடங்களில் கையெழுத்தே போதும். நூறு யென் கடை முத்திரைகளில் ஸாத்தோ, ஸுசுகி போன்ற ஜப்பானியப் பெயர்கள் எல்லாம் இருக்கும். முருகேசனுக்குத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும்.

விசா நீட்டித்துப் புது அட்டை வந்ததும் வங்கியிலும் புதுத் தேதியைப் பதியுங்கள். மறந்தால் பழைய காலாவதித் தேதிக்குப் பின் பணம் எடுக்க முடியாமல் போகலாம். படிப்பு முடிந்து கிளம்பும்போது கணக்கை மூடிவிட்டு வர வேண்டும். 'உன் கணக்கை விலைக்குக் கொடு' என்று கேட்பவரிடம் சிக்கினால் அது குற்ற வழக்கு.

வீடு: வாடகை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

விடுதியிலிருந்து வெளியே வரும்போது கையில் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. வாடகை 50,000 யென் என்று வையுங்கள். ஷிகிகின் எனும் முன்பணம் 50,000. ரெய்கின், அதாவது வீட்டுக்காரருக்கு 'நன்றிப் பணம்', 50,000. இது திரும்பி வராது. தரகு வரியோடு 55,000. உங்கள் வாடகைக்குப் பொறுப்பேற்கும் உத்தரவாத நிறுவனத்துக்குப் பாதி வாடகை என்றால் 25,000. தீ காப்பீடும் பூட்டு மாற்றும் கூலியும் சேர்ந்து சுமார் 40,000. முதல் மாத வாடகை 50,000. ஆக 2 லட்சத்து 70 ஆயிரம் யென், இன்னும் ஒரு தலையணைகூட வாங்கவில்லை. ஜப்பானில் வாடகை அறை பெரும்பாலும் வெறும் அறைதான்; சில இடங்களில் விளக்குகூட இருக்காது. ரெய்கின் இல்லாத வீடு என்று தேடினால் கிடைக்கும்.

மின்சாரத்தையும் தண்ணீரையும் இணையத்தில் தொடங்கிவிடலாம். எரிவாயு அப்படி அல்ல. ஊழியர் நேரில் வந்து, நீங்கள் வீட்டில் இருக்கும்போது கசிவு சோதித்துத் திறந்துவிட வேண்டும். மார்ச்சிலும் ஏப்ரலிலும் இந்த முன்பதிவு நாள்கணக்கில் நிரம்பிவிடும். சாவி வாங்கும் தேதி தெரிந்த உடனே முன்பதிவு செய்யாதவர்கள் குடிபோன முதல் இரவு பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார்கள், அதுவும் பத்து டிகிரிக் குளிரில்.

உள்ளே போன அன்றே, பொருள்களை அடுக்குவதற்கு முன், சுவரின் கீறல், தரையின் கறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் கழிக்கும் பேச்சு வரும். அப்போது இந்தப் படங்கள்தான் பேசும். குளிர்காலத்தில் ஜன்னலில் நீர் கோத்துச் சுவரில் பூஞ்சை பிடித்தால் அதுவும் உங்கள் தலையில் விழும். காலையில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். மெத்தையைத் தரையிலேயே விரித்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், அடிப்பக்கம் கறுத்துவிடும்.

குப்பை: பக்கத்து வீட்டாரோடு முதல் சண்டை இங்கேதான்

ஒவ்வொரு நகராட்சியும் ஒரு குப்பை நாட்காட்டி கொடுக்கும். டோக்கியோவுக்குள்ளேயே ஒரு வார்டில் பிளாஸ்டிக் தனி, இன்னொன்றில் எரியும் குப்பையோடு சேர்க்கும் பிளாஸ்டிக் உண்டு. ஆகவே நண்பர் சொன்னதை நம்பாமல் உங்கள் முகவரிக்கான தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டுங்கள்.

பொதுவான சட்டகம் இது. எரியும் குப்பை வாரம் இரண்டு நாள். பிளாஸ்டிக் உறை வாரம் ஒரு நாள். கண்ணாடிப் புட்டி, டப்பா, பெட் பாட்டில் எனப்படும் பிளாஸ்டிக் குளிர்பானப் பாட்டில் தனித்தனி. எரியாத குப்பை மாதம் ஓரிரு முறை. அன்று காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும். முந்தைய இரவே வைத்தால் காக்கைகள் கிழித்துப் பரப்பிவிடும். அங்குள்ள காக்கைகள் நம்மூர்க் காக்கையைவிடப் பெரியவை, துணிச்சலும் அதிகம். வலை போட்டிருந்தால் மூட்டையை வலைக்கு அடியில் தள்ளுங்கள். ஃபுக்குஓகா நகரம் இதற்கு விதிவிலக்கு: அங்கே இரவில்தான் அள்ளுவார்கள், பொழுது சாய்ந்து நள்ளிரவுக்குள் வைக்க வேண்டும். கியோட்டோவில் எரியும் குப்பைக்கு நகராட்சியின் மஞ்சள் பையைக் கடையில் வாங்க வேண்டும். கையில் கிடைத்த பையில் கட்டி வைத்தால் மூட்டை அங்கேயே கிடக்கும், ஏன் எடுக்கவில்லை என்ற ஒட்டுச்சீட்டோடு.

பெட் பாட்டிலுக்கு மூன்று வேலை: மூடியையும் சுற்றியுள்ள தாளையும் கழற்றிப் பிளாஸ்டிக்கில் போடுங்கள், உள்ளே அலசுங்கள், நசுக்குங்கள். தயிர்க் கப், முட்டைப் பெட்டி போன்றவற்றில் உணவு ஒட்டியிருந்தால் அலசிப் போடுங்கள். கழுவியும் எண்ணெய்ப் பிசுக்கு போகாத உறை பெரும்பாலான ஊர்களில் எரியும் குப்பைக்குப் போகும்.

வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்; குழாய் அடைத்தால் செலவு உங்களுடையது. எண்ணெயைக் கட்டியாக்கும் பொடி பல்பொருள் அங்காடியில் கிடைக்கும். அடுப்பை அணைத்ததும் எண்ணெய் சூடாக இருக்கும்போதே கலக்குங்கள். ஆறியபின் அல்வாபோல் பெயர்ந்து வரும், எரியும் குப்பையில் போடலாம். ஆறிய எண்ணெயில் போட்டால் பொடி கரையாது, மறுபடி சுட வைக்க வேண்டும். கொஞ்சம் எண்ணெய்தான் என்றால் பழைய செய்தித்தாளில் உறிஞ்சவிட்டுப் போடுங்கள்.

மேசை, மெத்தை, சைக்கிள் போன்ற பெரிய பொருளுக்கு சொதாய் கோமி என்று பெயர். தொலைபேசியிலோ இணையத்திலோ நாள் குறித்து, கடையில் கட்டண ஒட்டுச்சீட்டு வாங்கி ஒட்டி வைக்க வேண்டும். ஏசி, தொலைக்காட்சி, குளிர்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் நான்கையும் இதில்கூட எடுக்க மாட்டார்கள். மறுசுழற்சிக் கட்டணம் தனி. சீனியர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது குளிர்பெட்டியை இலவசமாகத் தருகிறார் என்றால், அதைக் கழிக்கும் செலவும் இனி உங்களுடையது என்று அறிந்து வாங்குங்கள்.

சாப்பாடு: கண்ணுக்குத் தெரியாத மீன்

சைவர்களுக்கு ஜப்பானில் சவால் இறைச்சி அல்ல, தாஷி. உலர்த்திச் சீவிய கத்சுஓ மீனிலிருந்து எடுக்கும் சாறு. மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு, கீரைக் கூட்டு, முட்டைச் சுருள், நத்தோ எனும் புளித்த சோயாவோடு வரும் சின்னப் பொட்டலம் வரை இருக்கும். 'நிக்கு இல்லாமல்' என்று கேட்டால் மீன் போட்டுத் தருவார்கள், சில வேளை பன்றித் துண்டையும் போட்டுவிடுவார்கள். பலருக்கு நிக்கு என்றால் துண்டு இறைச்சி மட்டும்தான். இப்படிச் சொல்லுங்கள்: "நிக்கு மோ சகானா மோ தபேராரெமாசென்." இறைச்சியும் மீனும் என்னால் சாப்பிட முடியாது என்று பொருள். பிறகு கேளுங்கள்: "கத்சுஓ தாஷி ஹாய்த்தே இமாஸ் கா?" மீன் சாறு உள்ளதா என்று.

கடைப் பொருள்களில் சில ஒவ்வாமைப் பொருள்களை அச்சிடுவது கட்டாயம்: இறால், நண்டு, அக்ரூட் (வால்நட்), கோதுமை, சோபா எனும் மரக்கோதுமை, முட்டை, பால், நிலக்கடலை போன்றவை. மாடும் பன்றியும் கட்டாயப் பட்டியலில் இல்லை, எனவே முழுப் பொருட்பட்டியலையும் படிக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவின் மொழிபெயர்ப்பு உதவும். மாடு, பன்றி, கோழி, மீன் நான்குக்கும் உரிய 'கஞ்சி' எனும் சீன வழி எழுத்துகளைப் படமாகச் சேமித்து ஒப்பிட்டால் அதைவிட வேகம். அங்காடியின் குழம்பு மசாலாக் கட்டிகள், பாக்கெட் சூப்புகள் பெரும்பாலும் விலங்குக் கொழுப்போடு வரும்.

பருப்பு, உளுந்து, மசாலாவுக்கு டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷி-கசாயும், ஷின்-ஓகுபோவின் ஹலால் கடைத் தெருவும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் கியோமு சூப்பர் எனும் மலிவு விலை அங்காடியின் கிளைகளில் கொண்டைக்கடலையும் சில மசாலாவும் கிடைக்கும். அரிசி விலை 2025-இல் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டியது. பட்ஜெட் போடும்போது நினைவிருக்கட்டும். உள்ளூர் அரிசி ஒட்டும் ரகம். தயிர்சாதத்துக்கு அருமை, எலுமிச்சை சாதத்துக்கு ஆகாது. அங்கே அரிசி அளக்கும் கோப்பை ஒரு 'கோ', 180 மில்லி. சோறாக்கும் பாத்திரத்தின் உள்கோடு அந்த அளவுக்குத்தான்.

குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்கவே புளிக்காது. சூடேற்றாத அறை 10 டிகிரிக்குக் கீழே போய்விடும். சோறாக்கும் பாத்திரத்தின் 'சூடாக வைக்கும்' பொத்தானை நம்பாதீர்கள். அது 60 டிகிரிக்கு மேல், மாவு வெந்துவிடும். மைக்ரோவேவ் பெட்டிக்குள் மாவுப் பாத்திரத்தோடு ஒரு குவளை கொதிநீரை வைத்து, இயக்காமல் கதவை மட்டும் மூடுங்கள். ஐந்தாறு மணிக்கொருமுறை நீரை மாற்றினால் மறுநாள் பொங்கியிருக்கும்.

தாளிப்பதற்கு முன் காற்றுப்போக்கியைப் போடுங்கள். வீட்டுக்கு வீடு தீ எச்சரிக்கைக் கருவி உண்டு. கருகிய வரமிளகாய்ப் புகைக்கு அது அலறிவிடும். காசு மிச்சம் பிடிக்க, அங்காடிக்கு இரவு எட்டு மணிவாக்கில் போனால் தயார் உணவில் பாதி விலை ஒட்டுச்சீட்டு ஒட்டத் தொடங்கியிருப்பார்கள்.

ரயிலும் சைக்கிளும்

ரயில் கட்டணத்துக்கான முன்பண அட்டை சுய்கா, பாஸ்மோ, இகோகா எதுவானாலும் நாட்டின் பெரும்பாலான நகரங்களில் செல்லும். ஆனால் ஒரு வட்டாரத்தில் அட்டையைத் தட்டி ஏறி இன்னொரு வட்டாரத்தில் இறங்க முடியாது. டோக்கியோவில் தட்டி, அதாமியைத் தாண்டி ஷிஸுஓகா பக்கம் இறங்கினால் வாயில் திறக்காது; ஊழியரிடம் காசாகக் கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். நீண்ட பயணத்துக்குச் சீட்டு வாங்குங்கள்.

மாணவர் மாதச் சீட்டு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே மட்டும், கல்லூரி தரும் சான்றோடு. மொழிப் பள்ளிகள் பலவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. முறைகேடாகப் பயன்படுத்திப் பிடிபட்டால் கட்டணத்தோடு அதைப்போல் இரண்டு மடங்கு அபராதமும் சேரும். ஜேஆர் எனும் பெரிய ரயில் குழுமத்தின் ரயிலில் ஒரு வழித் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் தகுதியுள்ள பள்ளியின் மாணவர்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடி உண்டு. ரயில் தாமதமாகி வகுப்புக்குப் பிந்தினால் நிலையத்தில் தாமதச் சான்று கேளுங்கள். ஆசிரியரிடம் வாய்ச்சொல்லைவிட அந்தத் துண்டுச் சீட்டு செல்லும்.

சைக்கிள் வாங்கிய அன்றே திருட்டுத் தடுப்புப் பதிவு செய்து ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். நண்பரிடம் வாங்கினால் பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரவில் நிறுத்தும் போலீஸிடம் அது உங்கள் சைக்கிள்தான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. டோக்கியோ, ஓசாகா உட்படப் பல இடங்களில் சைக்கிள் காப்பீடு கட்டாயம். குடை பிடித்தும், இருவர் அமர்ந்தும் ஓட்டக் கூடாது. கைப்பேசியைப் பார்த்தபடி ஓட்டுவதற்கு 2024 நவம்பரிலிருந்து தண்டனை கடுமையானது: ஆறு மாதச் சிறை அல்லது ஒரு லட்சம் யென் அபராதம் வரை. நிலையத்தின் முன் கண்ட இடத்தில் நிறுத்தினால் தூக்கிப் போய்விடுவார்கள், மீட்கக் காசு.

வேலை: 28 மணி நேரத்தை எப்படி எண்ணுவது

வாரம் 28 மணி நேரம் என்பது எல்லா வேலைகளையும் சேர்த்து. இரண்டு கடையில் 20, 20 என்று செய்தால் மீறல். வாரத்தை எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் ஏழு நாளில் 28-ஐத் தாண்டக் கூடாது. ஒரு வாரத்தின் கடைசியையும் அடுத்த வாரத்தின் முதலையும் நிரப்பிக்கொள்ளும் தந்திரம் இங்கே உடையும். பள்ளி அறிவித்த நீண்ட விடுமுறையில் நாளுக்கு 8 மணி நேரம் செய்யலாம். விசா நீட்டிப்பில் வரிச் சான்று கேட்டால் ஆண்டு வருமானமே மீறலைக் காட்டிக்கொடுக்கும். பச்சின்கோ எனும் சூதாட்ட விளையாட்டுக் கூடம், மதுக்கூட உபசரிப்பு போன்ற இடங்களில் தட்டு கழுவும் வேலைகூடக் கூடாது. படிப்பு முடிந்தாலோ நின்றாலோ, அட்டையில் தேதி மிச்சம் இருந்தாலும் வேலை அனுமதி அன்றோடு சரி.

டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். முழுதாக 28 மணி செய்தால் வாரம் 34,328 யென். இரவு 10 மணிக்கு மேல் 25 சதவீதம் கூடுதல். சேரும்போது 'ஃபுயோ கோஜோ' எனும் வரிப் படிவத்தைத் தருவார்கள். ஒரு கடையில் மட்டும் கொடுங்கள், ஆனால் கட்டாயம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் உயர்ந்த விகிதத்தில் வரி பிடிப்பார்கள்.

உடம்பும் நிலநடுக்கமும்

காய்ச்சலுக்கு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போகாதீர்கள். பரிந்துரைக் கடிதம் இல்லாமல் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்குப் போனால் முதல் வருகைக்கு 7,000 யென்னோ அதற்கு மேலோ தனியாகக் கட்ட வேண்டும். தெருமுனை 'நைக்கா', அதாவது உள்மருத்துவக் கிளினிக்குக்குப் போங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீஸுக்கு 110.

நிலநடுக்கத்தை அங்கே ஷிந்தோ என்ற அளவில் சொல்வார்கள்: 0 முதல் 7 வரை, 5-உம் 6-உம் கீழ், மேல் என்று பிரியும். அது நீங்கள் நிற்கும் இடத்தில் எவ்வளவு ஆடியது என்ற அளவு. ஊரில் அப்பா அம்மா தொலைக்காட்சியில் பார்ப்பது ரிக்டர் எண். இரண்டும் வேறு என்று முன்பே விளக்கி வையுங்கள். கைப்பேசி ஒருசேர அலறினால் மேசைக்கு அடியில் புகுங்கள், வெளியே ஓடாதீர்கள். நின்றதும் கதவைத் திறந்து வையுங்கள், சட்டம் கோணினால் பிறகு திறக்காது. கண்ணாடி சிதறியிருக்கும் என்பதால் கட்டிலருகே ஒரு ஜோடிச் செருப்பு இருக்கட்டும். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர், மூன்று நாளுக்குச் சேர்த்து வையுங்கள்.

ஷிந்தோ 5 அளவில் ஆடினால் எரிவாயு மீட்டர் தானாக அடைத்துக்கொள்ளும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். எல்லா எரிவாயுக் கருவிகளையும் அணைத்து, வாசனை இல்லை என்று உறுதி செய்து, மீட்டரில் மூடியுள்ள பொத்தானை அழுத்தி விடுங்கள். விளக்கு மூன்று நிமிடம் சிமிட்டும். அதுவரை எதையும் திறக்காதீர்கள். சிமிட்டல் நின்றால் அடுப்பைப் பற்றவைக்கலாம்.

ஊருக்குப் போய்த் திரும்பும்போது

விடுமுறையில் கிளம்பும்போது விமான நிலையத்தில் மறுநுழைவு அட்டை நிரப்ப வேண்டும். ஓராண்டுக்குள் திரும்புவதாகச் சொல்லும் கட்டத்தில் டிக் போடாமல் போனால் மாணவர் தகுதியே அன்றோடு முடிந்துவிடும். ஊரில் மறுபடி முதலிலிருந்து விசா எடுக்க வேண்டும். குடியிருப்பு அட்டையைப் பெட்டியில் போட்டுவிடாமல் கடவுச்சீட்டோடு கையில் காட்டுங்கள். அட்டையின் காலாவதித் தேதி நீங்கள் திரும்பும் நாளுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பயணச்சீட்டு வாங்கும் முன்பே பாருங்கள். நீட்டிப்புக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2025 ஏப்ரலில் 4,000 யென்னிலிருந்து 6,000 ஆனது. வருகைப் பதிவு குறைந்தவர்களுக்கு அங்கே கேள்வி அதிகம்.

கிளம்பும் அன்று எரியும் குப்பை நாள் இல்லையென்றால், சமையலறைக் கழிவை உறைபெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பும்போது கதவைத் திறக்கப் பயமிருக்காது.